மிருதங்கம் மட்டும் கேட்டால் எழுப்புங்கள்

சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஜமுனாமரத்தூரை அடுத்து, ஏரிக்குப் போகும் சாலையில் இருக்கும் விருந்தினர் விடுதியில் சாந்தம்மாள் தன் அறை பீரோவைத் திறந்தார். முறுக்கு டின் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. தூக்கியதுமே கனம் குறைந்திருப்பது கைக்குத் தெரிந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ஸ்பூல் டேப்பைக் காணவில்லை.

அவர் போட்ட கூச்சல் சமையல்கட்டு வரை கேட்டது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் கோகிலவாணி ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கண் எரிந்தது. ஆடி வெள்ளி பந்தோபஸ்துக்கு மலையிறங்கிப் போனவள், சரியாகத் தூங்காமல் அப்போதுதான் திரும்பியிருந்தாள். காணாமல் போனது நகையா, பணமா என்று கேட்டதற்கு ஏட்டு தனசேகரன் தலையைச் சொறிந்தார்.

"பாட்டும்மா."

"இன்னா பாட்டு?"

"கர்நாடக சங்கீதம். பழைய டேப்பு. ராத்திரியே வந்து ரூமு, பையி, காரு, ரங்கன் வூடு எல்லாம் பார்த்துட்டேன். கெடைக்கல. வந்தவங்க மூணு பேரும் விடிய விடிய சண்டை. டேப்பைப் பத்தி இல்லம்மா, எந்தச் சாமியாரு பாட்டு ஒசத்தின்னு."

கோகிலவாணி படியேறினாள். திருட்டு வழக்கு என்றால் ஒரு நகை, ஒரு சைக்கிள், ஒரு ஆடு என்று ஏதாவது இருக்கும். இப்படி ஒரு வழக்கு தனக்கு வந்து வாய்க்க வேண்டுமா என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது.

புகார் கொடுத்த சாந்தம்மாள் ஆரணியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்துசாமி தீட்சிதர் என்றால் உயிர். கூட வந்த கோபால்சாமி கலசப்பாக்கத்தில் அரிசி ஆலையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, தியாகராஜரே கதி என்று இருப்பவர். மூன்றாமவர் நசீர், வாணியம்பாடி தோல் வியாபாரி. அவருக்கு சியாமா சாஸ்திரி. வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேரும் இந்த விடுதியை எடுத்து, பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டு, அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டுவிட்டு மலையிறங்குவார்கள். சண்டைக்காகத்தான் வருகிறார்களோ என்று விடுதியில் ஒரு பேச்சு உண்டு.

"டேப்புல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"நீலாவதி அம்மாள் பாட்டு," என்றார் சாந்தம்மாள். "செத்துப் பல வருஷம் ஆச்சு. தியாகராஜரைத் தவிர யாரையும் பாடமாட்டாங்கன்னு ஊரே நம்புது. கோபால்சாமி சார் அதையே மேடை மேடையா சொல்லித் திரியறார். ஆனா எங்க அத்தை வூட்டுக் கொலுவுல, உள்ள உட்கார்ந்து, சாயந்தரம் முழுக்க அவங்க தீட்சிதரை மட்டும் பாடியிருக்காங்க. இருக்கறது அந்த ஒரே டேப்புதான். இன்னிக்குக் காலைல போட்டுக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன்."

"ரூமைப் பூட்டலையா?"

"சும்மா சாத்திட்டுப் போனேன். எல்லாரும் ஹால்லதானே இருந்தோம்?"

"ஹாலை விட்டு எப்ப எழுந்தீங்க?"

"நாலு மணிக்கு நசீர் கேசட்டைப் போட்டோம். முடியற வரைக்கும் நான் எழுந்திருக்கலை. எழுந்திருக்க அவசியமும் வரலை."

"யாராவது வெளிய போனதைப் பார்த்தீங்களா?"

"திரையை இழுத்து விட்டுட்டு, விளக்கை அணைச்சிட்டு, கண்ணை மூடிக்கிட்டுதான் கேட்போம். அதுதான் எங்க வழக்கம். யார் யாரைப் பார்க்கறது?"

சந்தேகம் யார் மேல் என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம் தயங்கினார். வெளியே இருந்தவன் ரங்கன் ஒருவன்தான் என்றார். புகாரிலும் அவன் பெயரையே எழுதிக் கொடுத்தார்.

ரங்கன் அந்த விடுதியின் காவலாள், சமையல்காரன், எல்லாம். பக்கத்து மலைக்கிராமத்து ஆள். வனத்துறை வேலைக்கு அவன் பெயர் வந்திருந்தது. நன்னடத்தைச் சரிபார்ப்புக் காகிதம் கோகிலவாணியின் மேஜைமேல்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இன்று இவன்மேல் ஒரு வழக்கு பதிந்தால் அந்த வேலை போய்விடும், பிறகு எத்தனை வருஷம் நடையாய் நடந்தாலும் கிடைக்காது. விடுதி முதலாளி வேலூரிலிருந்து இதற்குள் இரண்டு தடவை போன் செய்து, ரங்கன்தான் எடுத்திருப்பான், சட்டென்று எஃப்.ஐ.ஆர். போட்டு முடியுங்கள் என்று சொல்லியிருந்தார்.

அடுத்து நசீர் வந்தார்.

"நீங்க அந்த டேப்பைக் காப்பி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டீங்களாமே?"

"கேட்டேன். டீச்சர் தரமாட்டேன்னாங்க. அதுக்காகத் திருடுவேனாம்மா?"

"நேத்து ஓடினது உங்க கேசட்டு."

"எங்க அத்தா பதிவு பண்ணது. இந்த வருஷம்தான் முதல் தடவையா இங்க கொண்டு வந்தேன். கச்சேரி எங்க நடந்தாலும் மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போய்டுவாரு. எதையும் வீணாக்கமாட்டாரு. ஒரு கச்சேரியை ஒரே கேசட்டுல அடக்கிடுவாருன்னா பாத்துக்கோங்க." நசீருக்குக் குரல் இளகியது. "அதுல சியாமா சாஸ்திரி பாட்டு ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டா நான் கண்ணே தொறக்கமாட்டேன். நேத்து காபி கூடக் குடிக்கலை."

கோபால்சாமி துவைத்து மடித்த வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக வந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆரம்பத்துலேர்ந்து பின் நாற்காலியில உட்கார்ந்திருந்தேம்மா. நடுவுல ஒரு தடவைதான் எழுந்தேன், தனி ஆவர்த்தனம் வந்தப்போ."

"அப்படின்னா?"

"பெரிய பாட்டு ஒண்ணு வரும். அது முடியற நேரத்துல பாடறவங்க நிறுத்திடுவாங்க, மிருதங்கம் மட்டும் ரொம்ப நேரம் வாசிக்கும். எந்தக் கச்சேரிக்கு வேணா போய்ப் பாருங்க, அப்பதான் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகும். எனக்கும் அதே பழக்கம். சமையல்கட்டுக்குப் போனேன், ரங்கன் காபி குடுத்தான், குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"ரங்கன் எப்படி ஆளு?"

"கெட்டவன்னு சொல்லமாட்டேன். ஆனா மலையில இருக்கறவங்களுக்கு இதோட மதிப்பு இன்னாம்மா தெரியும்? பழைய சாமான்னு எங்கயாவது போட்டிருப்பான்."

கடைசியில் ரங்கன். கைகட்டி நின்றான். ராத்திரி அவனும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீ எங்க இருந்த?"

"சமையல்கட்டுலதாங்க. காபி கேப்பாங்கன்னு மூணு டம்ளர் எடுத்து வெச்சேன். கலசப்பாக்கத்து ஐயா மட்டும் வந்தாரு. தனி ஆரம்பிச்சிட்டாங்க ரங்கா, ஒரு காபி குடுன்னாரு. மத்த ரெண்டு பேரும் வரலை."

"அவரு எப்படி?"

"தங்கமான மனுஷங்க. நமக்கு வேலையே வைக்கமாட்டாரு. காலைல சந்தையில சாமை வாங்கியாந்தாரு. காபி குடிச்சதும் ரூமுக்குப் போய் அந்தப் பையக் கூட அவரே தூக்கினு போய் கார்ல வெச்சுக்கினாரு. நான் வரேன்னதுக்கு வேணான்னுட்டாரு." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அம்மா, என் பேருல கேஸ் போட்டுடுவீங்களா?"

"தெரியலை ரங்கா," என்றாள் கோகிலவாணி. அது உண்மையும்கூட.

கோபால்சாமி எழுந்து வரும் வரை ரங்கன் எவ்வளவு நேரம் தன்னந்தனியாக இருந்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷம் என்றால் அவன் தப்பித்தான். ஒரு மணி நேரம் என்றால் மாட்டினான். யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை. கேசட்டைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேரையும் முற்றத்தில் உட்கார வைத்துவிட்டு, ஹாலில் கேசட்டை முதலிலிருந்து ஓட விட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. முற்றத்திலிருந்து வேறொரு கச்சேரியும் கேட்டது.

"உங்க தியாகராஜர் ராமர்கிட்ட புலம்பறார். அவ்வளவுதான். தீட்சிதர் கோயில் கட்டறார், சார்."

"கட்டறார், கட்டறார். உள்ள சாமி வர்றதுக்குள்ள நமக்குத் தூக்கம் வந்துடுது."

"ரெண்டு பேரும் நூத்துக்கணக்குல பாடினாங்க. சாஸ்திரி கொஞ்சமா பாடினாரு, கொறையில்லாம பாடினாரு."

ஒருவன் பிழைப்பு போகும் நேரத்தில் இந்தப் பேச்சா என்று கோகிலவாணிக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய் அதட்டலாம் என்றால் கால் வரவில்லை. கோபால்சாமி உட்கார்ந்திருந்த அதே பின் நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஏட்டையா, பாட்டு நின்னு மிருதங்கம் மட்டும் கேட்டா என்னை எழுப்புங்க. மணியையும் குறிச்சுக்குங்க."

"சரிம்மா."

அவ்வளவுதான் தெரியும். டக்கென்று ஏதோ சத்தம் கேட்டுக் கண்விழித்தாள். கேசட் முழுக்க ஓடி, பொத்தான் தானாக எழும்பி நின்றிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா எழுப்பலை?" மரியாதை கூட மறந்துவிட்டது.

தனசேகரன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "நீங்க சொன்னது வரவே இல்லம்மா. ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டேன். மிருதங்கம் பாட்டு கூடவேதான் வருது. மட்டும்னு எங்கயும் வரலை. நடுவுல ஒரு எடத்துல மட்டும் டக்குனு வெட்டின மாதிரி இருந்துச்சு."

"நீங்க தூங்கலையே?"

"புள்ளை மேல சத்தியமா இல்லம்மா."

கோகிலவாணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரங்கன் எடுத்து வைத்த மூன்று டம்ளர்கள் அரைத்தூக்கத்தில் அவள் நினைவுக்கு வந்தன. அதில் இரண்டுக்கு ஆள் வரவில்லை. நசீரை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"உங்க கேசட்டுல அந்தத் தனி ஏன் இல்லை?"

"எங்க அத்தா கேசட்டு எதுலயும் இருக்காதும்மா. அந்தக் காலத்துல கேசட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. தனி ஆரம்பிச்சா மெஷினை நிறுத்திடுவாரு, பாட்டு வந்ததும் மறுபடி அமுக்குவாரு. மிருதங்கக்காரங்களுக்குத் தெரிஞ்சா அடிக்க வருவாங்க." சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கு எல்லோரையும் ஹாலுக்கு அழைத்தாள். ரங்கன் கதவோரம் நின்றான்.

"சார், நேத்து நீங்க எப்ப எழுந்து போனீங்க?"

"அதான் சொன்னேனேம்மா, தனி வந்தப்போ," என்றார் கோபால்சாமி.

"நல்லா கேட்டீங்களா?"

"கேட்காம? நல்ல வாசிப்பு."

சாந்தம்மாள் திரும்பிப் பார்த்தார். நசீர் தலையைக் குனிந்துகொண்டார். அறையில் தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ தெரிந்துவிட்டது என்பது கோபால்சாமிக்கு மெல்ல உறைத்தது.

"அந்தக் கேசட்டுல தனியே இல்லை சார்," என்றாள் கோகிலவாணி. "இருந்திருந்தா இவங்க ரெண்டு பேரும் காபிக்கு எழுந்திருப்பாங்க. விளக்கை அணைச்சதுமே நீங்க வெளிய வந்து டீச்சர் ரூம்ல டேப்பை எடுத்துட்டீங்க. ரங்கன் கேட்டா சொல்ல ஒரு காரணம் வேணும். கச்சேரின்னா தனி இருக்கும்னு பழக்கத்துல சொல்லிட்டீங்க. இன்னிக்கு என்கிட்டயும் அதையே சொன்னீங்க. உள்ள உட்கார்ந்து கேட்டவரா இருந்தா இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டீங்க. ஏட்டையா, கார்ல இருக்கற சாமைப் பையக் கொண்டாங்க."

ராத்திரி மேலோடு பார்த்துவிட்டிருந்த பையைத் தனசேகரன் கொண்டுவந்து தாம்பாளத்தில் கவிழ்த்தார். சாமை சரசரவென்று கொட்டியது. அதோடு ஒரு பொட்டலமும் விழுந்தது. பிளாஸ்டிக் உறை, அதற்குள் பட்டு அங்கவஸ்திரம், அதற்குள் ஸ்பூல். ஒரு தூசு கூடப் படவில்லை.

"உடைச்சுப் போட்டிருக்கலாமே?" என்றாள்.

"அவங்க குரலும்மா அது." கோபால்சாமி ஸ்பூலைப் பார்த்தபடியே சொன்னார். "எப்படி உடைப்பேன்? ஆனா, அதைக் கேட்கவும் முடியாது. ஆயுசு பூரா அவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டிருந்தேன். நான் செத்தப்புறம் இவங்க போட்டுக் கேட்டுக்கட்டும்னு நினைச்சேன்."

"என்கிட்ட வாயால கேட்டிருந்தா போடாம இருந்திருப்பேனே சார்," என்றார் சாந்தம்மாள். ஒரு நொடி யோசித்து, "இல்லை, போட்டிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார்.

கோகிலவாணிக்கு அந்தக் கிழவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. இன்னும் ஒன்று கேட்காமல் விட்டிருந்தால் பாவமாகவே இருந்திருக்கும்.

"இந்த ரங்கன் கதி இன்னா ஆகும்னு நினைச்சீங்க?"

"டேப்பு கிடைக்கலைன்னா என்ன பெரிசா ஆகப்போகுது? ஸ்டேஷன்ல ரெண்டு நாள் வெச்சிருந்து, ரெண்டு தட்டு தட்டி விட்டுடுவாங்கன்னு..." அவர் முடிக்கவில்லை.

சாந்தம்மாள் எழுந்து, ரங்கன் பெயர் போட்டுக் கொடுத்த புகாரைத் திரும்பக் கேட்டார். கோபால்சாமி மேல் புகார் தருகிறாரா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினார். கோகிலவாணி வேலூருக்குப் போன் போட்டு, டேப்பு கிடைத்துவிட்டது, எடுத்தது ரங்கன் இல்லை, விவரம் உங்கள் விருந்தாளிகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்கு இப்போது வேண்டியது ஒரு பாயும் தலையணையும்தான். அதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

அவள் ஜீப்புக்குப் போகும் வழியில் சமையல்கட்டைத் தாண்டும்போது, வாசற்படியில் கோபால்சாமி நின்றிருந்தார். மன்னிச்சுடு ரங்கா என்று சொல்லிவிட்டு, பதில் வராததால் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

ரங்கன் டம்ளர் கழுவுவதை நிறுத்தவில்லை. கடைசி டம்ளரையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"உங்களைப் பத்தி அம்மா கேட்டாங்கய்யா. தங்கமான மனுஷன்னு சொன்னேன். என்னைப் பத்தி கேட்டாங்களே, நீங்க இன்னா சொன்னீங்க?"