ஷஃபீக்கின் நெஞ்சுக்குள் வந்தவர்கள்

ஷஃபீக் மருத்துவமனைக் கட்டிலில் இருமலை அடக்கிக்கொண்டே படுத்திருந்தான். இருமினால் விலாவில் சுருக்கென்று குத்தியது. எட்டு வயதுப் பையன் எவ்வளவுதான் தாங்குவான்?

நுரையீரலில் கிருமி புகுந்து நிமோனியா ஆகிவிட்டது. சளி வெளியே வந்தால்தான் மூச்சு லேசாகும் என்று டாக்டர் மீனாட்சி சொல்லிப் பார்த்தார். உம்மா கெஞ்சிப் பார்த்தார். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து அத்தாவோடு பஸ்ஸில் வந்த அக்கா ஃபஸீலாவுக்கு ஒரு சந்தேகம். கண்ணுக்கே தெரியாத கிருமி, ஓடியாடுகிற பையனை எப்படிச் சாய்க்கும்?

“தம்பிக்கு மூச்சு முட்டுறது கிருமியாலயா, டாக்டர்?”

“கொஞ்சம் கிருமியால. மிச்சம் அவன் உடம்பே செய்யிறது.”

கிருமியைக் கண்டதும் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் நுரையீரலுக்கு விரையுமாம். அவற்றுக்கு வழிவிட இரத்தக் குழாய்கள் இளகும்போது நீரும் கூடவே கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிவிடுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

ஷஃபீக்கின் கண்கள் கலங்கின. “அப்போ என் உடம்புக்கே என்னைப் பிடிக்கலையா அக்கா?”

ஃபஸீலா யோசித்தாள். பிறகு, படிக்கட்டில் விழுந்து சிராய்த்த தன் முழங்காலைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அது சிவந்து வீங்கிச் சுட்டது.

“என் முட்டிக்கு என் மேல கோவமா? இல்லை லா. இங்கேயும் அந்த வெள்ளை அணுக்கள்தான் வந்திருக்காங்க. உதவி செய்யத்தான் வர்றாங்க, ஆனா வலிக்குது. உனக்கு மருந்தும் துணைக்கு இருக்கு. வேலை முடிச்சவங்களை நீதான் வெளியே விட மாட்டேங்கிற.”

படி ஏறும்போது முழங்காலை அழுத்திப் பிடித்ததும் வலி குறைந்தது அவளுக்கு நினைவு வந்தது. தம்பியை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையணையை விலாவோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

ஷஃபீக் மெல்ல இருமினான். குத்தியது, ஆனால் முன்பு போல இல்லை. அடுத்த இருமலில் மஞ்சளாகச் சளி வந்து டிஸ்யூவில் விழுந்தது. எறியப்போன உம்மாவைத் தடுத்து, அதை உற்றுப் பார்த்தான்.

“இதுல அவங்க இருக்காங்களா?”

திரும்பி வந்த டாக்டர், கிருமியோடு மோதி இறந்த வெள்ளை அணுக்கள் அதில் ஏராளமாக இருக்கும் என்றார்.

ஷஃபீக் டிஸ்யூவைப் பத்திரமாக மடித்தான். “தெரிமா காசி” என்று மலாயில் அதனிடம் நன்றி சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த இருமலுக்குத் தலையணையைக் கட்டிக்கொண்டான்.