இரண்டு மைக்குகளுக்கு நடுவே

அந்த மூச்சு அவளுடையது அல்ல.

ரம்யாஸ்ரீ ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதே இடத்தை மறுபடி ஓடவிட்டாள். பல்லவி முடிந்ததும் நான்கு தாளத் தட்டுக்குக் கீபோர்டு மட்டும் தனியாக வரும். அதன் பிறகு சரணம். அந்த நான்காவது தட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள். வாயால், அவசரமே இல்லாமல், ஒரு நீண்ட வரிக்குத் தேவையான அளவு. அது முடிந்த பிறகுதான் அவளுடைய மூச்சு வந்தது. அவள் எப்போதும் மூக்கால்தான் இழுப்பாள். பதினோரு வருடம் மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடியவள். மைக்கில் மூச்சுச் சத்தம் விழக் கூடாது என்று ஏச்சு வாங்கியே பழகிய பழக்கம் அது.

மதுரை திருநகரில் அந்த மாடி வீட்டின் பின்னறையை ஸ்டுடியோ என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. உதிரி பாகங்கள் வாங்கிச் சேர்த்த ஒரு கம்ப்யூட்டர், பழைய கீபோர்டு, ஒரு மைக். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளிப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். பாடும்போது ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். 2004 மே மாதத்து வெயிலில் தளம் இறக்குகிற சூட்டோடு போர்வைகளின் அந்துருண்டை நெடியும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். பகல் பதினொன்றிலிருந்து மூன்றுவரைதான் அவளுக்குத் தோதான நேரம். கீழ் வீட்டில் கணவன் மனைவி இருவரும் பேங்க் வேலைக்குப் போயிருப்பார்கள். தெரு வெயிலுக்குப் பயந்து அடங்கிக் கிடக்கும். திருமங்கலம் சாலையில் போகும் பஸ்களின் ஹாரன்கூடப் போர்வைகளைத் தாண்டி மங்கலாகத்தான் வந்து சேரும்.

சௌராஷ்டிர மொழியில் புதிய பாடல்களைத் தொகுத்து ஒரு சிடி கொண்டுவரப் போவதாக அவர்கள் சமூகத்துச் சபையில் முடிவாகியிருந்தது. பொறுப்பிலிருந்த லலிதாம்பாள், மாதக் கடைசிக்குள் பதிவு செய்து கொடுத்தால் ரம்யாஸ்ரீயின் பாட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். சொல்லும் மெட்டும் ரம்யாஸ்ரீயுடையவை. முதல் சரணம்வரை எழுதியிருந்தாள். இரண்டாவது சரணம் இரண்டு வாரமாகப் பிடிகொடுக்கவில்லை. முடியும்வரை யாருக்கும் பாடிக் காட்டக் கூடாது என்று வைத்திருந்ததால் கணவன் ரவிசங்கர்கூட அதைக் கேட்டதில்லை. இத்தனை வருடம் நான்கு பேர் குரலோடு கலந்தே பாடியவளுக்கு, தன் குரல் தனியாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்பதே முதலில் ஆசையாக இருந்தது.

டவுனில் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுக்கக் கட்டுப்படியாகாது. பழங்காநத்தத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சூரியபிரகாஷ்தான் வழி சொன்னான். கீபோர்டை ஒரு ட்ராக்கில், குரலை ஒரு ட்ராக்கில், ஜால்ராவை ஒரு ட்ராக்கில் என்று தனித்தனியாகப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது லட்சத்தைத் தொடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தோதாக மூன்றை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான். முதலாவது இலவசம், ஆனால் நான்கு ட்ராக்தான். இரண்டாவதில் எல்லாம் உண்டு, ஆனால் முப்பது நாளில் நின்றுவிடும். மூன்றாவது சின்னது, விலை குறைவு. மூன்றையும் போட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

முதலாவதில்தான் இந்த மூச்சு. அவள் போனை எடுத்தாள்.

"ஓசில வாரதுல அப்படி இப்படித்தான்க்கா இருக்கும்," என்றான் சூரியபிரகாஷ். "சவுண்டு கார்டு இரைச்சலா இருக்கும்."

"இரைச்சல் இல்ல தம்பி. மூச்சு."

"அப்ப ஒங்க மூச்சுதான். சில நேரம் லேட்டாப் பதிவாகும்."

"லேட்டா இல்ல. எனக்கு முன்னாடி வருது."

எதிர்முனையில் கம்ப்யூட்டர் பொத்தான்கள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. வேறு வேலையாக இருந்தான் போல. "ரெண்டாவதப் போட்டுப் பாருங்கக்கா," என்றான்.

இரண்டாவதில் மூச்சோடு நிற்கவில்லை.

குரல் ட்ராக்கை மட்டும் தனியாக வைத்துக் கேட்டாள். அவள் ஒவ்வொரு சொல்லைத் தொடங்குவதற்கும் கண்ணிமைக்கும் நேரம் முன்னால், அதே சொல், அதே சுருதியில், வேறொரு பெண் குரலில் தொடங்கியது. எதிரொலியாக இருந்தால் பின்னால் வர வேண்டும். இது முன்னால் போயிற்று. அவள் தடுமாறிய இடத்தில் அது தடுமாறவில்லை. மேல் ஸ்தாயியில் அவள் எட்ட முடியாமல் பூசி மெழுகிய சங்கதியை அது நின்று நிதானமாகப் பாடியது. கேட்கக் கேட்க ரம்யாஸ்ரீயின் புறங்கழுத்து வியர்வை குளிர்ந்தது. பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. அந்தக் குரல் நன்றாக இருந்தது.

அதை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு பழங்காநத்தம் பஸ் ஏறினாள். தன் காதில் என்ன விழுந்தது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சூரியபிரகாஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டேபிளில் விரலால் தட்டியபடி கடைசிவரை கேட்டான்.

"பாஷை புரியல. ஆனா நல்லாருக்குக்கா. கூடப் பாடுறவங்க யாரு?"

"யாரும் இல்ல."

"தப்பா எடுத்துக்கிறாதீங்க. ஒங்கள விட அவங்க பாடுறது எடுப்பா இருக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சாஃப்ட்வேர் சிடியைக் கொடுத்தவன் இவன். கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவனும் இவன்தான். வேறு யாரோ பாடிய பதிவு ஏதாவது அந்தச் சாஃப்ட்வேருக்குள் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ, அல்லது இவனே விளையாடுகிறானோ? ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆளான இவனுக்கு அவள் மொழியில் ஒரு சொல் தெரியாது. பாட்டின் வரிகள் அவள் நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன.

திரும்பும்போது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்த நோட்டு நினைவிலேயே நின்றது. அதைப் படித்த யாரோதான் பாட முடியும். அவள் மொழி தெரிந்த ஒரு பெண். வீட்டுக்குள் வந்து போகிற ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது ரவிசங்கர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் தலையணைகளை முகர்ந்து பார்த்தாள். சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தன் முடியோடு ஒட்டிவைத்து நீளம் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது அவளுக்கு நிம்மதியாகவும் இல்லை.

இரவு சாப்பிடும்போது கேட்டாள். "பின்னறைக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா?" ரவிசங்கர் நிமிர்ந்தான். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த அலுப்பு குரலில் இருந்தது. "ஏன்?"

"யாரோ பாடுறாங்க. என் பாட்ட."

"நீதான் எந்நேரமும் எதையாவது ஓடவிட்டுக்கிட்டே இருக்கியே. நேத்து மத்தியானம் நான் போன் பண்ணப்பகூடப் பின்னாடி பாட்டு. நீ பேசினது பாதி எனக்குக் கேக்கல."

அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. நேற்று மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

"என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

அவன் தட்டை நகர்த்திவிட்டு, "நாளைக்கு மத்தியானம் லீவு சொல்லிட்டு வாரேன். நானே கேட்டுப் பாக்குறேன்," என்றான். அவன் வெறுமனே தேற்றுகிறானா, எதையாவது மறைக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

காலையில் சூரியபிரகாஷே ஆள் மூலம் ஒரு பை கொடுத்துவிட்டான். அதில் இன்னொரு மைக்கும், இரண்டு மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கையகல மிக்ஸர் ஒன்றும் இருந்தன. போனில் விளக்கினான். "மூணாவதுதான்க்கா ஒங்களுக்குச் சரிப்படும். எம்புட்டு ட்ராக் வேணும்னாலும் போடலாம். ரெண்டு மைக்கையும் தனித்தனி ட்ராக்ல வாங்கும். ஒண்ண ஜன்னல் பக்கம் வைங்க, ஒண்ணக் கதவுப் பக்கம் வைங்க. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தக் கோடு பெருசா விழும். எங்கருந்து வருதுனு தெரிஞ்சுட்டா அடைச்சுரலாம்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கிருந்து என்று தெரிந்தால் போதும்.

மூன்றாவதைப் போட்டாள். ஜன்னலோரம் ஒரு மைக், கதவோரம் ஒரு மைக். இரண்டுக்கும் சரியான நடுவில் அவள் நாற்காலி. திரையில் இரண்டு நீண்ட கோடுகள், மேலே ஜன்னல், கீழே கதவு. முதலில் ஆளில்லாத அறையைப் பதிந்து பார்க்க நினைத்தாள். பதிவை ஓடவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். படி சுட்டது. பத்து நிமிடம் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை. பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய், உட்கார்ந்து, பதிவை நிறுத்திக் கேட்டாள்.

அவள் காலடி விலகுகிறது. கதவு சாத்தப்படுகிறது. பூட்டு. அதன் பிறகு இரண்டு கோடுகளும் நூல் பிடித்ததுபோல நேராக ஓடின. தூரத்தில் ஒரு காக்கை. கம்ப்யூட்டரின் மெல்லிய உறுமல். மூச்சு இல்லை. பாட்டு இல்லை. அறை சுத்தமாக இருந்தது.

ரம்யாஸ்ரீ தனக்குள் சிரித்துக்கொண்டாள். இத்தனை நாள் வெயிலும் புழுக்கமுமாகச் சேர்ந்து ஆட்டி வைத்திருக்கிறது. பாவம், ரவிசங்கரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. நிறுத்தப் போனவள், கடைசிவரை ஓடட்டும் என்று விட்டாள்.

பத்தாவது நிமிடம். பூட்டு திறக்கிறது. கதவு. அவள் உள்ளே வருகிறாள்.

அவளோடு மூச்சும் வந்தது.

காலடிக்குக் காலடி. கதவருகே கீழ்க் கோடு பெரிதாக இருந்தது. அவள் நடக்க நடக்க மேல்கோடு வளர்ந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. இப்போது இரண்டும் ஒரே உயரம். ஜன்னல் பக்கமும் இல்லை. கதவுப் பக்கமும் இல்லை.

நடுவில்.

அவள் மறுபடி மைக்குகளைத் திறந்துவிட்டு, திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டைகளைப் பார்த்தாள். தன் மூச்சை அடக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பட்டைகள் இறங்கின. நான்கு. பட்டைகள் ஏறின. மெதுவாக இறங்கின. மெதுவாக ஏறின. தூங்குகிறவர்களின் மார்பு ஏறி இறங்குவதைப்போல. இருபதுவரை எண்ணினாள். நெஞ்சு வெடித்தது. பட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜன்னலோர மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள். போர்வைப் பக்கம் நீட்டினாள். பட்டை சுருங்கியது. மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள். சுருங்கியது. தலைக்குப் பின்னால், இல்லை. மைக்கைத் தன் மார்புக்கு நேராகத் திருப்பினாள்.

பட்டை நிமிர்ந்தது.

கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

பட்டை சிவப்பைத் தொட்டது.

ஹெட்போனில் யாரோ வாயால் மூச்சை இழுத்தார்கள். பாடத் தொடங்கினார்கள். பல்லவி. முதல் சரணம். அதோடு நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. இரண்டாவது சரணம் வந்தது. அவள் இன்னும் எழுதாத சரணம். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு வாரமாக அவள் தேடிய சொல், அதுவும் வந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

பாட்டு குறையவில்லை.

கம்ப்யூட்டர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை அணைந்தது. பாட்டு அறையில் இருந்தது. போர்வைகளுக்கு நடுவே, எதிரொலி இல்லாமல், தெளிவாக.

உதடுகளை இறுக மூடினாள். பல்லைக் கடித்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். நாக்கு அசையவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நாக்கு அசையவே இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ரவிசங்கர். கதவு திறந்தேதான் இருந்தது. அவள் நாற்காலியோடு திரும்பினாள். அவன் பார்த்தால் போதும். கை பொத்தியிருக்கும் வாயைப் பார்த்தால் போதும், புரிந்துவிடும்.

அவன் வாசற்படியில் நின்றிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. கதவு நிலையில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தான்.

"நிறுத்திராத," என்றான் மெதுவாக. "இம்புட்டு நாள்ல இப்பத்தான் ஒன் குரலு எனக்குத் தனியாக் கேக்குது."

கண்ணைத் திற, என்று கத்த நினைத்தாள். கையை எடுக்கப் பயமாக இருந்தது. அவள் உள்ளங்கைகளுக்கு அடியில் உதடுகள் ஒட்டிக்கிடந்தன. கண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறியது. நின்று நிதானமாக.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கதவு நிலையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.