முப்பத்தோரு வருடக் கெடு

பதினொன்று நாற்பதுக்கு மகிழினியின் மணிக்கட்டு சுட ஆரம்பித்தது. காரணமானி அப்படித்தான். கெடு நெருங்க நெருங்கக் கையில் கட்டிய பட்டை சூடேறும். கெடு வந்ததும் யாரையும் கேட்காமல் பங்கை விற்றுவிட்டுக் குளிர்ந்துபோகும்.

பீளமேட்டுப் பங்குக்கூடத்தில் அன்று எல்லாருக்கும் கை சுட்டது. ஒருவர் மோர் தம்ளரை மணிக்கட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் வாங்கியிருந்தது ஒரே பங்கு, சூலூர் உப்பு மின்கலம். சொன்ன காரணமும் ஒன்றுதான்: “சோதனை முடிவு மதியத்துக்குள் வந்துவிடும்.” அந்தக் காரணத்துக்குக் காரணமானி கொடுத்த ஆயுள் பன்னிரண்டு இருபது வரை.

முன்பெல்லாம் பங்கு வாங்குகிறவன், வாங்கிய காரணம் செத்துப்போன பிறகும் பங்கைக் கட்டிக்கொண்டு அழுவான். ஏறினால் இன்னும் ஏறும் என்பான், இறங்கினால் நாளைக்கு ஏறிவிடும் என்பான். பாதிக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தது இப்படித்தான். காரணமானி அதற்கு முடிவு கட்டியது. வாங்கும்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குரலையும் நாடியையும் ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்து, அந்தக் காரணம் எதுவரை உயிரோடிருக்கும் என்று அது கணிக்கும். அதுதான் கெடு. அதற்கு முன்னால் விற்கவும் முடியாது, பின்னால் வைத்திருக்கவும் முடியாது. ஒரே ஒரு முறை கெடுவை மாற்றலாம். அதற்குப் புதிதாக ஓர் உண்மையான காரணம் வேண்டும்.

மகிழினி இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். ஞாயிறுதோறும் அவள் வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. “விலையப் பாக்காதீங்க, மணியப் பாருங்க” என்று அவள் சொல்ல, அறுபது பேர் எழுதிக்கொள்வார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கெடுவைக்கூட அவள் மாற்றியதில்லை. ஆனால் அன்று அவளுடைய மொத்தச் சேமிப்பும் அந்த ஒரே பங்கில் இருந்தது. அது அவள் வகுப்பில் நடத்தாத பாடம். அந்த மின்கலத்தை ஒன்பது வருடமாக உருவாக்கியவர் அவள் கணவர் துருவன்.

ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தாள்.

“எப்பங்க முடியும்?”

“இன்னும் ஒரு மணி நேரம் ஆவும் மகிழு. சூடு கொஞ்சம் ஏறுது.”

“தாங்குமுங்களா?”

“தாங்கோணும்” என்றார் துருவன். 

பக்கத்து இருக்கையில் நஸ்ரீன். முட்டை ஒப்பந்தம் மட்டும் வாங்கி விற்கிறவள், அன்று கூடத்தில் கை சுடாத ஒரே ஆள், இருபது வருடச் சிநேகிதி.

“முட்டைக்குக் கெடு உண்டு, ஒத்துக்கறேன்” என்றாள் நஸ்ரீன். “மின்கலத்துக்கு என்னடி கெடு? அது வேலை செய்யறப்பச் செய்யும்.”

“கெடு மின்கலத்துக்கு இல்ல நஸ்ரீன். நாம வாங்குன காரணத்துக்கு.”

“அப்ப அது வித்துட்டுப் போகட்டும். ஏன் முகமெல்லாம் வேர்க்குது?”

 மகிழினி மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் நஸ்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விலை ரொம்ப இறங்கியிருக்கு. திரும்ப ஏறும்.”

“இது ஆசை. காரணம் அல்ல” என்றது காரணமானி.

“ஒம்பது வருச உழைப்பு. வீண் போகாது.”

“உழைப்பு நேற்றையது. நாளையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.”

இதே பதிலை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! கேட்டவர்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

“ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க” என்று முணுமுணுத்தாள் நஸ்ரீன். ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு பதினேழு. யார் எதை வைத்திருக்கிறார் என்பது அவரவர் காரணமானிக்கு மட்டுமே தெரியும், கணவன் மனைவிக்குள்ளும் அப்படித்தான். ஆனால் சாயங்காலம் துருவன் வீட்டுக்கு வருவார். வித்துட்டயா என்று கேட்பார். ஆமாம் என்றால், நீயே என்னை நம்பவில்லையா என்பதுபோல் பார்ப்பார். மகிழினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவர் முகம் வாடறதப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.”

காரணமானி அவள் நாடியைக் கணக்கிட்டது.

“ஏற்கப்பட்டது. ஆயுள்: முப்பத்தோரு வருடம், நான்கு மாதம்.”

கெடு தள்ளிப்போனதில் பட்டை குளிர்ந்தது. நஸ்ரீன் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தாள். மகிழினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. முக்கால் மணி நேரப் பயத்துக்கு முப்பத்தோரு வருடமா? இயந்திரத்துக்கும் புத்தி பிசகும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு இருபதுக்குக் கூடமே மூச்சுவிட்டது. மற்றவர்கள் கையெல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்தது, விலை பாதியானது. ஒன்றேகாலுக்கு மின்கலம் வீங்கி வெடித்து உப்பைக் கக்கியது. இரண்டு மணிக்கு அந்தப் பங்கை இனாமாக வாங்கவும் ஆளில்லை. மகிழினியின் சேமிப்பு முழுக்க அதற்குள் போயிற்று.

துருவன் ஆறு மணிக்கு வந்தார். செருப்பெல்லாம் உப்பு. நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒம்பது வருசம் மகிழு.”

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று சும்மா நின்றாள்.

“ஒரே ஆறுதல் என்னன்னா, பன்னெண்டு இருவதுக்கு என்ற கை குளுந்துச்சு. எம்பங்கு வித்துருச்சு. அப்பத்தான் நெனச்சேன், மகிழு பங்கும் இந்நேரம் வித்திருக்கும். அவ கெடு மாத்தறவளா? ஊருக்கே பாடம் நடத்தறவளாச்சே. என்னால உன்ற காசு போவலைங்கறதுலதான் மூச்சு ஓடுது.” நிமிர்ந்து பார்த்தார். “வித்துட்டயல்ல?”

மதியம் எந்த முகத்தை நினைத்துப் பயந்தாளோ, அதே முகம். அப்போது விற்றேன் என்று சொல்லப் பயந்தாள். இப்போது விற்கவில்லை என்று சொல்லப் பயமாக இருந்தது. இன்று சொல்லாவிட்டால் நாளைக்கும் சொல்ல முடியாது, அடுத்த வருடமும் முடியாது. இயந்திரத்தின் கணக்கில் பிசகில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

“ஆமாங்க” என்றாள். “வித்துட்டனுங்க.”

துருவன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

“அப்பப் பரவால்ல. தப்பு எங்கீன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மகிழு. பூச்சு மாத்துனாப் போதும். உன்ற காசு இருக்குதல்ல, நாமளே ஆரம்பிச்சரலாம். ஒரே வருசம் கெடு குடு எனக்கு.”

அவர் முகம் மலர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

“சரிங்க” என்றாள் மகிழினி.