டேப்புக்கு அடியில் ரத்தம்

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் அந்தக் கற்சிலை குடோனில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர்.

சுழல் நாற்காலியில் முதலாளி சக்கரபாணி. எடை மெஷின் மேல் சூப்பர்வைசர் பரசுராமன். தெர்மக்கோல் கட்டின் மேல் பேக்கிங் வேலை பார்க்கும் சாயிரா பானு. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இன்ஸ்பெக்டர் கீர்த்தனா.

ஐந்தாவது ஆள், லோடுமேன் இருசப்பன்.

அவன் உட்காரவில்லை. சரிந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தான்.

இனி எழுந்திருக்க மாட்டான்!

"இவதான் மேடம்!" சக்கரபாணி விரலை நீட்டினார். "பெட்டி அடுக்கைச் சுத்தி பிளாஸ்டிக் பிலிம் கட்டுறது இவ வேலை. லூசா கட்டிட்டுப் போயிட்டா. நேத்து ராத்திரி நாங்கல்லாம் போன பின்னாடி சரிஞ்சு ஆளையே கொன்னுடுச்சு!"

சாயிரா எழுந்து நின்றாள். ஜெயிலா...? புருஷன் இல்லாத வீடு. பத்தாவது படிக்கும் மகள் அதீபாவுக்கு யார் சோறு போடுவார்கள்?

"அல்லா மேல சத்தியம் மேடம்! அடிப்பலகையோட சேர்த்து இறுக்கித்தான் சுத்தினேன்..."

"ஒப்புக்கம்மா. தண்டனை கம்மியா குடுப்பாங்க." சக்கரபாணி குரலில் தேன்!

கீர்த்தனா எழுந்தாள். கையுறை மாட்டினாள். பிணத்தின் தலைமாட்டில் கிடந்த பெட்டியைப் புரட்டினாள். உள்ளே மாக்கல் நந்தி. மேலே பளபளக்கும் டேப்.

குனிந்தாள்... விரலால் தேய்த்தாள்...

"ரத்தம் டேப்புக்கு மேல இல்ல. அடியில இருக்கு!"

நிமிர்ந்து மூவரையும் பார்த்தாள்.

"ரத்தம் தெறிச்ச பின்னாடி யாரோ ஒட்டியிருக்காங்க. இங்க டேப் ஒட்டுறது யாரு?"

"அதுவும் இவதான்!"

சாயிரா பக்கத்தில் கிடந்த டேப் மெஷினை எடுத்து நீட்டினாள். கவனக்குறைவு போய் இப்போது கொலையா!

"நான்தான் மேடம்... ஆனா மெஷின்லதான் ஒட்டுவேன்."

கீர்த்தனா அந்தக் கை மெஷினை வாங்கி ஒரு துண்டு அறுத்துப் பார்த்தாள். ஓரம் ரம்பம் மாதிரி வந்தது. பெட்டியில் இருந்த டேப்போ கோணல்மாணலாக, நசுங்கி...

"இது பல்லால கடிச்சது! எச்சில் இருக்கும். எல்லாரும் வாயைத் திறங்க, டெஸ்ட்டுக்கு எடுக்கணும்."

சாயிரா உடனே திறந்தாள்.

பரசுராமனும் திறந்தான். முன்னால் வெறும் ஈறு! "முன்பல்லு போயி பல காலமாச்சு மேடம். முறுக்கையே டீயில ஊற வெச்சுதான்!"

சக்கரபாணி மட்டும் திறக்கவில்லை.

"மொதலாளி..." பரசுராமன் இழுத்தான். "நீங்க இன்னும் கடிச்சுத்தானே ஒட்டுவீங்க?"

"வாயை மூட்றா!"

"அவர் மூடட்டும். நீங்க திறங்க சார்!"

சக்கரபாணி நெற்றியைத் துடைத்தார். உடைந்தார்.

"கட்டின அடுக்கு மேல இன்னும் ரெண்டு வரிசை ஏத்துடான்னேன் மேடம். ஆபத்துன்னு எனக்கே பாடம் எடுத்தான்! நானே ஏத்திட்டு, கோவத்துல அவனைப் பிடிச்சுத் தள்ளினேன்... அடுக்குல போய் மோதினான். மேல இருந்தது மொத்தமும் அவன் தலையில..."

"உடனே செத்துட்டானா?"

"இல்ல... தண்ணி கேட்டான்."

"நீங்க?"

"பெட்டி பிரிஞ்சு கிடந்துச்சு... நந்தி கொம்பு உடைஞ்சா சரக்கு திரும்பி வந்துடுமேன்னு... அதை ஒட்டினேன்."

சாயிரா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! அந்த டேப்பை அண்ணன் காயத்துல சுத்தியிருந்தாலாச்சும் ஆளு பொழைச்சிருப்பாரே!"

சக்கரபாணி ஜீப்பில் ஏறினார். குடோனுக்குப் பூட்டு விழுந்தது.

"எனக்கு நாளைக்கு வேலை மேடம்...?"

"வேற இடம் பாரும்மா."

டேப் துண்டோடு வேலூர் ஆய்வகத்துக்கு ஒரு கடிதம். வெளியே காவலுக்கு நின்றிருந்த கான்ஸ்டபிள் மாறன் கவரில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். பைக்கில் ஏறியவர் திரும்பினார்.

"பேக்கிங்காரங்க நீங்க... கவர் மேல 'ஜாக்கிரதை'னு எழுதணுமாக்கா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். வேலூர் பஸ்ஸைப் பிடிக்க பைக் பறந்தது.

சாயிரா பூட்டைப் பார்த்தாள்.

"கவருக்கு எழுதுறாங்க, அட்டைப் பெட்டிக்கு எழுதுறாங்க... லோடுமேன் முதுகுல எழுதத்தான் எவனுக்கும் பேனா கிடைக்கல!"