பச்சைப் பட்டு நூல்

எதிர்வீட்டு நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் கேட்டில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். நல்ல கொழுத்த நாய். முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி, பல் தெரிய, வயிற்றை எக்கி எக்கி, குரைக்கிற நாய் செய்கிற அத்தனையையும் குறைவில்லாமல் செய்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும்தான். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று விரலை விட்டுக் குடைந்துகொண்டாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் கூரை அதிரச் சிரித்தான். பட்டறையில் இரும்புத் தகடு அடித்து அடித்து அவனுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, மற்றது அரைகுறை. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்ற நினைப்பில் எதையும் உரக்கத்தான் சொல்வான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“என் காது உனக்கும் ஒட்டிக்கிச்சா மகாராணி? போச்சு போ! இனிமே ரெண்டு பேரும் கத்திக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்!”

“ஐயோ, மெதுவாப் பேசுங்களேன். தெருவே பாக்குது.”

தெரு பார்க்கத்தான் செய்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகி, மறுபடி மூடியது.

அவர்கள் இங்கே குடிவந்ததே அமைதிக்காகத்தான். பழைய வீடு பஸ் நிலையத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. நாள் முழுக்க ஹாரனும் கூச்சலும் மண்டைக்குள் புகுந்து, தைக்க உட்கார்ந்தால் அவளுக்கு ஊசி இரண்டாகத் தெரியும். இந்தப் புறநகர்த் தெருவோ பார்த்தவுடனே மனதைக் குளிர வைத்தது. இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே உயரச் சுவர்கள், எண்ணெய் விட்டுத் துடைத்த கேட்டுகள். எந்த வீட்டிலும் அழைப்பு மணி கிடையாது. வந்தவர்கள் உள்ளிருந்து யாராவது பார்க்கும்வரை வாசலில் நிற்பார்கள். பிள்ளைகள் துணிப்பந்தில் விளையாடினார்கள். தான் கொடுத்துவைத்தவள் என்று அவள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

தையலும் நன்றாகவே கிடைத்தது. ஆனால் அளவு கொடுக்க ஒருவரும் நேரில் வரவில்லை. பழைய சட்டையை அளவுக்கு அனுப்பிவிடுவார்கள், கூடவே ஒரு துண்டுத் தாளில் ஒரே குறிப்பு: கழுத்து உயர்த்தி, பட்டன் வைத்து. இந்த வெயிலில் கழுத்தை இறுக்கிக்கொண்டு எப்படித்தான் இருக்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டே பட்டி வைத்துத் தைத்தாள். ஆண், பெண், பால் மணம் மாறாத பிள்ளை, எல்லாருக்கும் உயர்ந்த கழுத்துத்தான்.

தெருவில் வாய் திறந்து பேசுகிறவர் பக்கத்து வீட்டு டாக்டர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். பஞ்சு மாதிரி குரல். குடிவந்த முதல் வாரத்திலேயே வந்து நின்றார்.

“மாத்துச் சாவி ஒண்ணு குடுத்து வைம்மா. இந்தத் தெரு சாவி எல்லாம் என்கிட்டதான் இருக்கு. ஒரு அவசரம்னா ஓடி வரணும் இல்லையா?”

அக்கம்பக்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மற்ற சாவிகளோடு கலந்துவிடக் கூடாதே என்று சிவப்புத் துணிக்கிழிசல் ஒன்றையும் முடிந்து கொடுத்தாள்.

நாய் குரைத்த மறுநாள் அவர் நூல் கேட்டு வந்தார்.

“மெல்லிசா இருக்கணும்மா. ஆனா இழுத்தா அறக்கூடாது.”

“என்ன தைக்கணும் சார்? குடுங்க, நானே தைச்சுத் தரேன்.”

“சின்ன வேலைதான். என் கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கலை.”

அவள் பெட்டியைக் கிளறி, தனக்கென்று வாங்கி வைத்திருந்த பச்சைப் பட்டு நூற்கண்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டாள்.

“வீட்டுக்காரர் குரல் கொஞ்சம் பெரிசு சார். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கலைம்மா. வந்த புதுசுல எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க.” அவர் நூலை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். “அவர் எப்ப ஓய்வா இருப்பார்?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார் சார். அப்பதான் எங்க வீடே வீடா இருக்கும்!” என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவள் தைத்து முடித்த கவுன்களை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டு அக்கா எப்போதும்போல் பேசாமல் சிரித்து, தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். டீ வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அறையில் சோப்பு வாசனையும், அதற்கு அடியில் மருத்துவமனையில் வருகிற ஸ்பிரிட் வாடையும் இருந்தது. அக்கா ஒவ்வொரு கவுனாகப் பிரித்து, தடவி, மடித்து, மறுபடி பிரித்தாள். எழுந்தால் கையைப் பிடித்தாள். இன்னொரு டீ கொண்டுவந்தாள். இவ்வளவு பிரியமா என்று முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக வந்தது. கடைசியில் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள்.

வாசலில் அந்த வீட்டுச் சின்னப் பெண் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்த வேகத்தில் சக்கரம் கல்லில் ஏறிச் சாய்ந்து, பிள்ளை முழங்கால் தேய விழுந்தது. தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. பிள்ளை வாயைப் பிளந்தது. முகம் சிவந்தது, கண்ணீர் கொட்டியது, தொண்டை நரம்பு புடைத்தது.

ஸ்ஸ்.

அவ்வளவுதான்.

“அழாதடா கண்ணு, அழாத” என்று வாரி எடுத்தாள். மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்து கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். தொண்டைக் குழிக்கு மேலே குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு. இரண்டு பக்கமும் ஊசி இறங்கிய புள்ளிகள், ஒரே இடைவெளியில், ஒரே வரிசையில். நல்ல கைத்தையல். தையல் தெரிந்த கண் அதைத்தான் முதலில் பார்த்தது. அப்புறம்தான் அது பிள்ளையின் தொண்டை என்று உறைத்தது.

நிமிர்ந்தாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடி தன் கழுத்துப் பட்டனை அவிழ்த்தாள். அங்கேயும் அதே கோடு. அவள் முகத்தில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தி எதிரே காட்டினாள்.

இவளுடைய வீட்டுக் கதவு. பூட்டில் ஒரு சாவி. சாவியில் சிவப்புத் துணி.

குறட்டை கேட்கவில்லை.

மூடிய கதவைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்கிற குறட்டை அது. இங்கே நின்றால் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டு ஓடினாள். செருப்பு கழன்றது. கேட்டுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், திறந்தன. ஆட்கள் வந்து நின்றார்கள். வெறுமனே பார்த்தார்கள். உள்ளே ஏதோ கவிழ்ந்து விழுந்தது. மரத்தில் எலும்பு மோதுகிற ஓசை. மறுபடி. மறுபடி.

கதவைத் தள்ளினாள்.

கூடம் முழுக்க ரத்தம். தரையில், சுவரில், தைக்க அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகளில். துணி வெட்டுகிற மேஜைமேல் கணவன். காலுக்கு இரண்டு பேர், கைக்கு இரண்டு பேர், தலையைப் பிடித்தபடி ஒருத்தி. எல்லார் கழுத்திலும் அவள் தைத்த பட்டிகள். இரும்படித்த உடம்பு சும்மா கிடந்திருக்கவில்லை. ஒருவனுக்கு மூக்கு உடைந்து முகத்தோடு சப்பையாகியிருந்தது. மூலையில் இன்னொருவன் தன் கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். இரண்டு விரல்கள் அடியோடு இல்லை. கடித்த தடம். அவன் கண் பிதுங்க, வாய் கிழிய அலறிக்கொண்டிருந்தான்.

ஸ்ஸ். ஸ்ஸ்.

டாக்டர் குனிந்து கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை.

“என்னங்க!”

கணவன் தலையைத் திருப்பினான். கண்களில் அவளை அடையாளம் கண்ட வெளிச்சம். வாயைத் திறந்தான். நெஞ்சு விம்மியது. உதடு குவிந்து, விரிந்து, தினமும் வாசலில் நின்று அவன் கூப்பிடுகிற அந்தப் பெயரைச் சொன்னது. தொண்டையில் பச்சை முடிச்சுகள் வரிசையாக ஏறி இறங்கின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரத்தம் குமிழி விட்டது.

மகாராணி. மகாராணி. மகாராணி.

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அலறினாள். அந்தத் தெரு அதுவரை கேட்டேயிராத அலறல். பிடித்திருந்தவர்கள் பிடியை விடாமல் முகம் சுளித்துக் காதைத் தோளில் அழுத்திக்கொண்டார்கள். டாக்டர் மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நூற்கண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“பயப்படாதம்மா,” என்றார், பஞ்சுக் குரலில். “நூல் மீதி இருக்கு.”

நுனியை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தார்.

அவள் கதவுப் பக்கம் பாய்ந்தாள். வாசலில் எதிர்வீட்டுச் சின்னப் பெண் நின்றிருந்தது. முழங்காலில் ரத்தம் இன்னும் காயவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, மறு கையால் கதவை இழுத்துச் சாத்தியது. எண்ணெய் விட்ட கீல், முனகக்கூட இல்லை.