கண்ணுக்குள் ஒரு முதுகு

கழுத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் வலித்தது. எண் பொறித்த இரும்பு வளையங்களைக் காலையிலிருந்து குனிந்தபடியே பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டான். விளிம்பு இருந்தது. சுற்றி எண்கள் இருந்தன. நடுவில் முள் இல்லை. முள் இருக்கவேண்டிய இடத்தில் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் திட்டு.

கண்ணைத் தேய்த்தான். திட்டு போகவில்லை. பார்வையை ஓரமாகத் தள்ளினால் முள் தெரிந்தது. நேராகப் பார்த்தால் காணாமல் போனது.

"என்னய்யா, கடிகாரத்தோட சண்டையா?" என்றான் சொட்டை. வளையங்களில் எண் பொறிக்கிற லேசர் மெஷினில் கூட வேலை பார்ப்பவன். அவன் தலையில் முடி இருந்த காலத்தைப் பார்த்தவர் யாரும் அந்தக் கம்பெனிக் கொட்டகையில் இல்லை.

"ஓடுதா, நின்னுடுச்சான்னு பார்த்தேன்."

"அதெல்லாம் ஓடும். நாமதான் நின்ன இடத்துலயே நிக்கிறோம்."

லேசர் இரும்பைத் தொடும் இடத்தில் பொறி பறக்கும், தீய்ந்த வாசனை மூக்கில் ஏறும். ஒளி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கவேண்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வேலை முடியாது என்று, மூடியின் சுவிட்சைக் கம்பியால் அமுக்கிக் கட்டியிருந்தார்கள். எல்லா மெஷினிலும் அப்படித்தான். கண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே காப்பு பச்சைக் கண்ணாடி. இரண்டு பேருக்கு இரண்டு கொடுத்தார்கள். ஒன்று டிராலிச் சக்கரத்தில் நொறுங்கியது, வேறு வரவில்லை. அதனால் முறை. ஒரு நாள் இவன், ஒரு நாள் சொட்டை. கண்ணாடி இல்லாதவன் பெட்டி அடுக்கவேண்டும், மெஷின் பக்கம் திரும்பக்கூடாது.

அன்று சொட்டையின் முறை. கொஞ்ச நேரம் முன்னால் சொட்டை ஒண்ணுக்குப் போயிருந்தபோது ஒரு வளையம் கோணிக்கொண்டது. இவன் வெறும் கண்ணோடு குனிந்து அதைத் தள்ளினான். தலைக்குள் சோப்பு நுரை உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். வலிக்கவில்லை. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பான்.

வலது கண் பழைய கதை. வெல்டிங் பொறி பட்டு எப்போதோ மங்கிப்போனது. இடதுதான் அவனுக்குக் கண். மாதக் கடைசியில் கம்பெனியில் கண் பரிசோதனை. தேறாதவனுக்கு மறுநாள் கேட் திறக்காது. வீட்டில் மனைவியும் படிக்கிற மகளும், இவன் ஒருத்தன் சம்பளத்தில். வாயை மூடிக்கொண்டான்.

தலைவலி என்று மட்டும் சொட்டையிடம் சொன்னான்.

"அப்ப என் முறையையும் நீயே போட்டுக்க. மறக்காம திருப்பிக் குடுத்துடணும், ஆமா."

"நீ?"

"நான் கண்ணை இடுக்கிக்கிட்டு வேலை பார்ப்பேன். என் மூஞ்சியப் பார்த்தா லேசரே வெட்கப்பட்டு ஓடிடும்."

இவன் சிரித்தான் என்றுதான் நினைத்துக்கொண்டான். முகம் அசைந்ததா தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சொட்டை ஒவ்வொரு முறையாக விட்டுக்கொடுத்தான். இவனும் வாங்கிக்கொண்டான்.

திட்டுக்கு உருவம் வந்தது. முதலில் சாம்பல். பிறகு அதன் மேல்பக்கம் குறுகி, அதற்குக் கீழே தோள்போல் அகன்றது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தபோது புரிந்தது. அது ஒரு ஆளின் முதுகு. மூக்குக்கு முன்னால் நெருக்கி நிற்கிற ஆள், முகத்தைக் காட்டாமல், இவன் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு.

பயப்படவேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. சோற்றைப் பிசைந்தான்.

நாளுக்கு நாள் முதுகு சிறிதானது. அதுவரை தெரியாத இடுப்பு தெரிந்தது, பிறகு கால்கள் தெரிந்தன. புண் ஆறிவருகிறது, திட்டு சுருங்குகிறது, பரிசோதனைக்குள் பொட்டாகிவிடும் என்று கணக்குப் போட்டான். அந்த ஒரு நினைப்பில் மட்டும் கொஞ்சம் சூடு இருந்தது.

"அப்பா, என்னைப் பார்த்துப் பேசுங்களேன்" என்றாள் மகள், கதவருகே நின்று.

"பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

பார்த்தான். அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் முதுகு நின்றது. ஒரு கால் முன்னால் இருந்தது. மறு காலையும் எடுத்து வைத்தது. மகள் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்னமோ குளிருது" என்று உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவளை நேராகப் பார்ப்பதை விட்டான். ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பரிசோதனை முதலுதவி அறையில் நடந்தது. எழுத்துப் பலகையை முன்னால் போனவர்கள் உரக்கப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான். ஒப்பித்தான். தேறினான். எழுந்திருக்கப் போனவனைக் கண் பார்க்கிற பெண் உட்காரச் சொன்னாள்.

"இந்த வருஷம் கண்ணுக்கு உள்ளயும் ஒரு படம் எடுக்கணும்ணா. தாடையை இதுல வைங்க."

குளிர்ந்த தாங்கி. பஞ்சில் ஸ்பிரிட் வாசனை. கருவியின் வில்லை கண்ணுக்கு எதிரே வந்து நின்றது.

"சிமிட்டாதீங்க."

"சிமிட்டலம்மா."

"நீங்க இல்ல."

அவள் கருவியின் திரைப் பக்கம் குனிந்தாள். திரையில் ஆரஞ்சு நிற வட்டம், அதில் சிவப்பு நரம்புகள். அதெல்லாம் அவனுக்கு ஓரப் பார்வையில் தெரிந்தது. நடுவில் இருந்ததை அவள்தான் பார்த்தாள்.

"அண்ணா... இது யாரு?"

"எனக்கு அதோட முதுகுதான் தெரியும்மா."

"எனக்கு முகம் தெரியுது." அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "பெரிசாகிட்டே இருக்கு. வெளிய வருது."

சுருங்கவில்லை. ஆறவில்லை. அது அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அவன் யாரைப் பார்க்கிறானோ அவர்களை நோக்கி.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தாடையைத் தாங்கியிலிருந்து எடுத்தான். எங்கே பார்ப்பது? சுவருக்கு அப்பாலும் ஆட்கள். கதவு அவள் போன பக்கம். கண்ணை மூடினான். மூடியும் தெரிந்தது. இருட்டில் இன்னும் வேகமாக நடந்தது. திறந்தான்.

எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் கொட்டகை, அவனுடைய மெஷின், திறந்த மூடி. அதன்மேல் குனிந்தபடி சொட்டை.

பார்வையைத் திருப்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

முதுகு சின்னதானது. விரல் அளவு. ஜன்னலைத் தாண்டியது. டிராலிகளுக்கு நடுவே நடந்தது. சொட்டையின் உயரத்துக்கு வந்து நின்றது.

பிறகு கண் தெளிந்தது. திட்டு இல்லை. புகை இல்லை. சொட்டையின் வழுக்கை, அதில் வியர்வை, இடுக்கிய வெறும் கண்கள், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. சொட்டையின் பின்னால் நின்ற ஆளும் தெரிந்தான். அந்த ஆள் சொட்டையின் தலைமேல் கை வைத்து, மெதுவாக, மூடிக்குள் அழுத்தினான்.

கத்தலாம். வாய் திறந்துதான் இருந்தது.

பச்சைக் கண்ணாடி இவன் சட்டைப்பையில் இருந்தது. சொட்டைக்குத் திருப்பித் தரவேண்டிய முறைகள் ஏழு.