பிற்பகல் தேத்தண்ணி

காளியம்மா இரண்டு கிளாஸ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து சிக்கந்தரின் சைக்கிள் கடை மேசைமேல் வைத்தாள். விரல்களில் உளுந்து மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அழுது அழுது கண்கள் வீங்கிக் கிடந்தன.

“குடிங்க ஐயா. எங்க கடைத் தேத்தண்ணியில விஷம் இல்லேன்னு நீங்களாவது குடிச்சுக் காட்டுங்க. விடிஞ்சதிலேருந்து ஒரு மனுஷன் கடைப்படி ஏறலை.”

ஜொகூர் பாருவில் அன்று காலை வேறு பேச்சே இல்லை. ஜெய்னுலாபுதீன் பாயின் கடையில் தேத்தண்ணி கலக்கும் சின்னத்தம்பியை முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் மாத்தாக்காரர்கள் விலங்கு மாட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். எதிர்மாடியில் குடியிருந்த லாரி டிரைவர் வேலு செத்துக் கிடந்தான். பக்கத்தில் அந்தக் கடைக் கிளாஸ், அதில் பாதித் தேத்தண்ணி. சின்னத்தம்பியின் மனைவிதான் காளியம்மா. அதே கடையில் வடை சுடுகிறவள்.

சிக்கந்தர் தன் முன்னால் இருந்த கிளாஸைப் பார்த்தான். இஞ்சியும் ஏலக்காயும் மூக்கைத் துளைத்தன. நேற்றுவரை இந்த வாசனைக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடியவன்தான். இன்று பாழாய்ப்போன கை நீள மாட்டேன் என்றது. துப்பறியும் நாவல் ஒன்று விடாமல் படிக்கிறவனுக்கு வேண்டாத நினைப்பெல்லாம் வராமல் என்ன செய்யும்? சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுகிறவன் போல முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஐயாசாமி. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சுப் பிசகாமல் எடுத்துச் சொல்லியே தலை நரைத்த மனிதர். அவர் தயங்கவில்லை. கிளாஸை எடுத்தார், மேலே படிந்திருந்த ஆடையை விரல் நுனியால் சுருட்டி வெளியே எறிந்தார், முகத்தைச் சுளித்தார்.

“காலைத் தேத்தண்ணியில இதுதான் ஒரே தொல்லை. இதுக்குப் பயந்துதான் நான் மத்தியானத்துக்கு மேல உங்க கடைக்கு வர்றது,” என்றார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “நல்லா இருக்கு. இஞ்சி கொஞ்சம் தூக்கல். பாய் கலக்கினதுதானே? உட்காரும்மா. நடந்ததைச் சொல்லு.”

காளியம்மா உட்காரவில்லை. “நேத்து காலையில அவரு ஊர்லயே இல்லீங்க ஐயா. ஏலக்காய், பட்டை வாங்கிட்டு வரச் சொல்லி பாய் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தாரு. உச்சி வெயில்லதான் திரும்பினாரு. மூணு மணிக்கு வழக்கம்போல வேலு அண்ணனுக்குத் தேத்தண்ணி எடுத்துட்டுப் போனாரு. கதவைத் தட்டினா பதில் இல்லையாம். வாசப்படியிலயே வெச்சு, தட்டைப் போட்டு மூடிட்டு வந்துட்டாரு. அவ்வளவுதான்.”

“ஏன், கூப்பிட்டு எழுப்பக் கூடாதா?” என்றார் ஐயாசாமி.

அவள் தலை குனிந்தாள். “முந்தாநாளு சண்டை. வேலு அண்ணன் என்னைப் பத்தி ஒரு அசிங்கப் பேச்சு பேசினாரு. நான் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். போய் இவருகிட்டச் சொல்லித் தொலைச்சேன். இவரு கரண்டியை ஓங்கிக்கிட்டு ‘உன்னைத் தீர்த்துடுவேன்டா’ன்னு கத்தினாரு. கடை முழுக்க ஆளுங்க. நாளைக்கு மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தப் போறாங்களாம். தூக்குன்னு பேசிக்கிறாங்க ஐயா. என் வாயாலதான் அந்த மனுஷன் சாகப் போறாரு.”

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சிக்கந்தர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆனாலும் அவன் கிளாஸ் அப்படியே இருந்தது.

ஸ்டேஷனில் சார்ஜன் உஸ்மான் ஐயாசாமியை எழுந்து நின்று வரவேற்றார். கோர்ட்டுப் பழக்கம். லாலாங் புல்லைக் கொல்ல தோட்டங்களில் அடிக்கிற மருந்துதான் தேத்தண்ணியில் கலந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மேற்கொண்டு பரிசோதிக்க அன்று பிற்பகல் ரயிலில் கிளாஸ் சிங்கப்பூருக்குப் போகிறது. பார்ப்பதென்றால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொல்லி, ஒரு மரப்பெட்டியைத் திறந்தார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கிளாஸின் அடியில் பாய் கடையின் அடையாளமான சிவப்புப் பெயின்டுப் பொட்டு. பாதியளவு பழுப்புத் தேத்தண்ணி. அதன்மேல் சுருங்கிப்போன ஆடை. ஓரத்தில் கண்ணாடியோடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஐயாசாமி காலையில் சுளித்தது போலவே முகத்தைச் சுளித்தார்.

வெளியே வந்ததும் சிக்கந்தர் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தான். “ஐயா, கண்டுபிடிச்சுட்டேன் லா! வாசப்படியில வெச்ச கிளாஸ். படியேறிப் போற எவனும் மருந்தைக் கலந்திருக்கலாம். ஊரையே விசாரிக்கணும்.”

“ஊரை விசாரிக்கிறதுக்குள்ள ரயில் போயிடும், தம்பி. முதல்ல அறையைப் பார்ப்போம்.”

வேலுவோடு அந்த அறையில் தங்கியிருந்தவன் காளியப்பன். அதே லாரிகளில் சரக்கு ஏற்றுகிறவன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். பாய் கடைக்குப் பால் ஊற்றும் வெள்ளையம்மாவின் மகள் செல்லத்தைத்தான் கட்டப் போகிறான். நல்ல காரியம் நெருங்கும்போது இப்படி ஒரு சாவா என்று சிக்கந்தர் அவனுக்காக வருத்தப்பட்டான்.

“நேத்து காலையில வேலு எப்படி இருந்தான்?” என்று ஐயாசாமி மெதுவாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருந்தான் ஐயா. ராத்திரி பூரா லாரி ஓட்டிட்டு வந்து அசந்து தூங்கினான். நான் உச்சி வரைக்கும் இங்கயேதான் இருந்தேன். மத்தியானம் பொந்தியானுக்குப் போற லாரி ஏறினேன். பொழுது சாயத்தான் வந்தேன். வந்து பார்த்தா இப்படி.”

“காலையில ஏதாவது குடிச்சானா? யாராவது கொண்டாந்து கொடுத்தாங்களா?”

“பச்சைத் தண்ணிகூட இல்லை ஐயா. நான் இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் வரலை. எல்லாம் அந்தப் பாவி மூணு மணிக்குக் கொண்டாந்த தேத்தண்ணிதான்.”

ஐயாசாமி தலையை ஆட்டியபடி பின்பக்கச் சன்னலுக்குப் போனார். சன்னல் விளிம்பில் எறும்புச் சாரை. அது சுவரில் வழிந்திருந்த ஒரு பழுப்புக் கறையோடு கீழே இறங்கியது. சன்னலுக்கு நேர்கீழே செகட் ஆறு; நீர் வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. ஐயாசாமி காளியப்பனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் சிக்கந்தரின் காதில் ஏதோ சொன்னார்.

“அலமாக்! அந்தச் சேத்திலயா?” என்றான் சிக்கந்தர். என்றாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். நாவலில் வரும் துப்பறிவாளர்கள் எவரும் இந்தக் கதிக்கு ஆளானதாக அவனுக்கு நினைவில்லை.

ரயில் புறப்படுவதற்கு முன்னால், பாய் கடையில் எல்லாரும் கூடினார்கள். சார்ஜன் பெட்டியோடு வந்தார். விலங்கோடு சின்னத்தம்பியும் வந்தான். ஒரே நாளில் பாதி ஆளாகியிருந்தான். காளியம்மா அவன் பக்கத்தில் போய் நின்றாள். வெள்ளையம்மா காலிப் பால்குடத்தோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மருமகனாகப் போகிறவன் அவளுக்குப் பக்கத்தில். வாசலில் தொடைவரை சேறாக சிக்கந்தர்.

“பாய், எனக்கு வழக்கமா பிற்பகல்ல கொடுக்கிற தேத்தண்ணி ஒண்ணு,” என்றார் ஐயாசாமி.

ஜெய்னுலாபுதீன் தானே கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். ஐயாசாமி குடிக்கவில்லை. அதை ஆற விட்டுவிட்டு, சார்ஜனின் பெட்டியிலிருந்த கிளாஸைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

“நல்லாப் பாருங்க. பாய் கலக்கினது ஆறிப்போச்சு. மேல ஆடை இல்லை. செத்தவன் பக்கத்துல இருந்த கிளாஸ்ல ஆடை இருக்கு. ஏன் பாய்?”

“இது டின் பாலுங்க. அது பசும்பால்,” என்றார் பாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. “யா அல்லா! வெள்ளையம்மா கொண்டாற பால் காலை வியாபாரத்துக்குத்தான் காணும். அது தீர்ந்தா பொழுது சாயுற வரைக்கும் டின் பால்தான்.”

“நேத்து பசும்பால் எப்ப தீர்ந்துச்சு?”

பதில் வெள்ளையம்மாவிடமிருந்து வந்தது. “நேத்து ஒரு மாடு கறக்கவே இல்லீங்க. பாதிக் குடம்தான் ஊத்தினேன். பாய் காலையிலேயே இன்னும் வேணும்னு ஆள் விட்டுக் கேட்டாரு. சொட்டுப் பால் இல்லேன்னுட்டேன்.”

“அப்ப இது காலைத் தேத்தண்ணி. அந்த நேரத்துல சின்னத்தம்பி சிங்கப்பூர்ல ஏலக்காய் வாங்கிட்டு இருந்தான். அவன் திரும்பினப்ப கடையில பசும்பாலே கிடையாது. மூணு மணிக்கு அவன் கொண்டுபோனது டின் பால் தேத்தண்ணி. அது எங்கே போச்சு? தம்பி, காட்டு.”

சிக்கந்தர் மடியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தான். விளிம்பு உடைந்திருந்தது; சேறு அப்பியிருந்தது; அடியில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

“சன்னலுக்குக் கீழ சேத்துல கிடந்துச்சு. அதிலிருந்த தேத்தண்ணியைச் சுவத்தோரமா ஊத்தியிருக்காங்க. எறும்பு இன்னும் அதை விடலை. பொழுது சாயத் திரும்பி வந்தவன், வாசப்படியில கிளாஸைப் பார்த்தான். பழி போட ஆள் தானா அமைஞ்சுது. ஆனா கையில மருந்து மிச்சமில்லை. இருந்தா இதிலேயே கலந்திருப்பான். அதனால இதை ஊத்திட்டு, காலையில தான் கொடுத்த கிளாஸையே பொணத்துக்குப் பக்கத்துல வெச்சான். உச்சி வரைக்கும் அந்த அறையில ஒருத்தனும் வரலைன்னு அவனே என்கிட்ட சொன்னான். அப்போ காலைத் தேத்தண்ணியைக் கொண்டு போனது யாரு காளியப்பா?”

காளியப்பன் எழுந்தான். வாசல் பக்கம் இரண்டெட்டு வைத்தான். சேற்றுக் காலோடு சிக்கந்தர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“எதுக்கு ஐயா இவரு வேலுவைக் கொல்லணும்?” என்றாள் வெள்ளையம்மா. அப்புறம் அவளாகவே எதையோ நினைத்துக்கொண்டாள். “முந்தாநாளு வேலு என்னை வழியில நிறுத்தினான். செல்லம் விஷயமா ஒண்ணு சொல்லணும், நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்னான். சீர் கொண்டார்றதைத்தான் சொல்றான்னு நினைச்சேன்.”

அவள் காளியப்பனின் முகத்தையே பார்த்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

“ஊர்ல எனக்குப் பொண்டாட்டி இருக்கா,” என்றான் தரையைப் பார்த்து. “அதைச் சொல்லிடுவேன்னான். கால்ல விழுந்தேன். கேட்கலை. காலையில இங்க கூட்டத்தோட கூட்டமா ஒரு தேத்தண்ணி வாங்கிட்டுப் போய்க் கொடுத்தேன். கூட்டாளின்னு நம்பிக் குடிச்சான்.”

ஐயாசாமி அதைச் சார்ஜனுக்கு மலாயில் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். எத்தனையோ வருஷம் செய்த வேலைதான். முடித்ததும் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

சின்னத்தம்பியின் கையிலிருந்து கழன்ற விலங்கு காளியப்பன் கையில் ஏறியது. அவன் தன்னைக் கடந்து போகும்போது வெள்ளையம்மா குடத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“என் மாட்டுப் பாலுடா அது,” என்றாள். “என் மகளைக் காப்பாத்திடுச்சு.”

காளியம்மா புருஷனின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவனோ நேரே அடுப்படிக்குப் போய் இஞ்சியைத் தட்ட ஆரம்பித்தான். வெளியே வேடிக்கை பார்த்த கூட்டம் படியேறலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றது.

சிக்கந்தர் கால் கழுவி வருவதற்குள் காளியம்மா அவன் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கையில் காலையில் அவன் தொடாத கிளாஸ். ஆறி, மேலே தடிப்பாக ஆடை படிந்திருந்தது.

“நீங்க குடிக்கலை, அண்ணே. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்,” என்றாள். அதில் கோபம் இல்லை. “இருங்க, இதை ஊத்திட்டுப் புதுசா கொண்டாரச் சொல்றேன்.”

சிக்கந்தருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கினான். வாசலில், அந்தக் கூட்டம் முழுவதும் பார்க்கும்படி நின்று, ஆறிப்போன தேத்தண்ணியை ஆடையோடு சேர்த்துக் கடைசிவரை குடித்தான்.

காலிக் கிளாஸை அவன் கவிழ்த்துக் காட்டியதும், கூட்டத்திலிருந்து ஒரு வண்டிக்காரன் முதல் ஆளாகப் படியேறினான். “ரெண்டு வடை, ஒரு தேத்தண்ணி,” என்றான். காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.